நகடோமி கட்டடத்தில் ஒரு கிறிஸ்துமஸ் இரவு

தப்பு தன்மேல்தான் என்று ஜெப் ஸ்டூவர்ட்டுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் மனைவியிடம் மன்னிப்புக் கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு நாவலைத் திரைக்கதையாக்கும் வேலை கையில் இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று பிடிபடவில்லை. நெடுஞ்சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஃப்ரிட்ஜ் வைத்து வரும் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று குறுக்கே கிடந்தது. விலக நேரமில்லை. மோதினார். பெட்டி காலி. காரை ஓரங்கட்டி, படபடப்பு அடங்காமல் உட்கார்ந்திருந்தபோதுதான் கதை பிடிபட்டது என்று பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மனைவியிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய ஒருவன் கேட்காமல் விட்டுவிடுகிறான். கேட்கலாம் என்று நினைக்கும்போது பெரிய ஆபத்து குறுக்கே வந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை.

அந்தக் கதைதான் 1988-இல் 'டை ஹார்ட்' ஆனது. நியூயார்க் போலீஸ்காரன் ஜான் மெக்லேன், வேலைக்காக லாஸ் ஏஞ்சலிஸ் போய்விட்ட மனைவி ஹாலியையும் இரண்டு குழந்தைகளையும் பார்க்கக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விமானம் ஏறி வருகிறான். ஹாலி வேலை பார்க்கும் நகடோமி என்ற ஜப்பானியக் கம்பெனியின் 30-ஆம் மாடியில் கிறிஸ்துமஸ் பார்ட்டி. வந்த சில நிமிடங்களில் கணவன் மனைவிக்குள் சண்டை. ஹாலி கோபத்தோடு வெளியே போகிறாள். ஹான்ஸ் க்ரூபர் தலைமையில் ஆயுதம் தாங்கிய கும்பல் உள்ளே நுழைகிறது. எல்லோரும் பிணைக்கைதிகளாகிவிட, வெறுங்காலோடும் பனியனோடும் மெக்லேன் மட்டும் தப்பி மாடிப்படிகளில் ஓடுகிறான். மீதிக் கதை முழுக்க அந்த ஒரே இரவு.

இந்தப் படத்தைக் கிறிஸ்துமஸ் படம் என்று சொல்லலாமா? டிசம்பர் பிறந்ததும் அமெரிக்கக் குடும்பங்களில், அலுவலகங்களில், பத்திரிகைகளில் இந்தக் கேள்வி கிளம்பிவிடுகிறது. படத்தை எடுத்தவர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். மெக்லேனாக நடித்த ப்ரூஸ் வில்லிஸ் 2018-இல் ஒரு தொலைக்காட்சி மேடையில், இது கிறிஸ்துமஸ் படம் கிடையாது, ப்ரூஸ் வில்லிஸ் படம் என்று அடித்துச் சொன்னார். ஸ்டூவர்ட்டுக்குப் பிறகு திரைக்கதையில் வேலை செய்த ஸ்டீவன் டி சூசா, கிறிஸ்துமஸ் படமேதான் என்கிறார். தயாரித்த ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம், படத்தின் 30-ஆவது ஆண்டில் பழைய காட்சிகளையே வெட்டி ஒட்டி, குடும்பத்தோடு பார்க்கும் கிறிஸ்துமஸ் கதை போலப் புது டிரெய்லர் ஒன்றை வெளியிட்டது. விற்பனைக்குச் செய்த வேலைதான். ஆனால் அந்த டிரெய்லருக்காக ஒரு காட்சியைக்கூடப் புதிதாக எடுக்க வேண்டியிருக்கவில்லை. தேவையான எல்லாம் படத்திலேயே இருந்தது.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டை ஹார்ட் கிறிஸ்துமஸ் படம்தான். அதற்காகப் பலரும் எடுத்து நீட்டும் சாட்சியங்கள்தான் எனக்குப் போதுமானதாகப் படவில்லை. கிறிஸ்துமஸ் மரம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, கொல்லப்பட்ட கொள்ளைக்காரனின் தலையில் சாண்டா தொப்பி இருக்கிறது என்று அடுக்குவதால் எதுவும் நிரூபணமாகாது. அலங்காரத்தை எந்தப் படத்திலும் மாட்டலாம்.

ஜூலையில் வந்த கிறிஸ்துமஸ்

எதிர்த்தரப்பு முதலில் எடுத்துவைப்பது தேதியை. டை ஹார்ட் வெளியானது ஜூலை மாதத்தில், அமெரிக்கக் கோடை விடுமுறைக்கு. கிறிஸ்துமஸ் படமாக இருந்தால் ஏன் ஜூலையில் வரவேண்டும்?

இந்த வாதம் சினிமாச் சரித்திரத்தின் முன்னால் நிற்காது. 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' படத்தின் நாயகன், தன்னைச் சாண்டா கிளாஸ் என்று சொல்லிக்கொள்ளும் கிழவர். அவர் உண்மையில் யார் என்பதை நீதிமன்றமே விசாரிக்கிறது. அதைவிடக் கிறிஸ்துமஸான கதையை எழுத முடியாது. அந்தப் படம் 1947-இல் கோடையில் வெளியானது. கோடையில்தான் கூட்டம் அதிகம் வரும் என்று கருதினார் ஸ்டூடியோ தலைவர் டேரில் ஜானக். விளம்பரங்களில் கிறிஸ்துமஸ் வாசனையே தெரியாமல் மறைத்துவிட்டார்கள். அந்த ஸ்டூடியோவும் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ்தான். 'ஒயிட் கிறிஸ்துமஸ்' என்ற பாட்டை உலகத்துக்குத் தந்த 'ஹாலிடே இன்' 1942 ஆகஸ்டில் வந்தது.

தமிழ் வாசகருக்கு இந்தத் தேதிக் குழப்பம் வேறு வகையில் பழக்கமானது. நம்மிடம் பண்டிகைக்கும் படத்துக்குமான உறவு வெளியீட்டுத் தேதியோடு முடிந்துவிடுகிறது. 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வெளியான 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன் கதைக்கும் தீபாவளிக்கும் சம்பந்தமில்லை. 'நாயகன்', 'தளபதி' இரண்டும் தீபாவளிப் படங்கள்தான். 'நாயகன்' படத்து வேலு நாயக்கரின் வாழ்க்கையில் தீபாவளிக்கு என்ன இடம் என்று யாரும் கேட்பதில்லை. புதுத்துணி, பலகாரம், முதல் காட்சி என்று படம் பண்டிகைச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. அமெரிக்கர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எந்த மாதம் வந்த படமாகவும் இருக்கட்டும். பண்டிகையைப் பற்றி அது என்ன சொல்கிறது, பண்டிகை நாளில் அதை மறுபடி பார்க்கத் தோன்றுகிறதா என்பதுதான் அவர்கள் கணக்கு.

அதற்கு நல்ல உதாரணம் ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. 1946 டிசம்பரில் வந்தது, போட்ட பணம் திரும்பவில்லை. 1974-இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்க உரிமையாளர்கள் தவறிவிட்டார்கள். ஒரு பைசா உரிமைத்தொகை இல்லாமல் ஒளிபரப்பலாம் என்றதும் ஊர் ஊராக இருந்த தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் போட்டுத் தள்ளின. இன்று அதுதான் அமெரிக்காவின் கிறிஸ்துமஸ் படம் என்று கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஒரு தலைமுறை அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த இடத்தில் உட்காரவைத்தது. வீடியோ கேசட்டும் கேபிளும் வந்த காலத்தில் டை ஹார்டுக்கும் ஏறக்குறைய அதுவே நடந்தது.

ஆனால் பார்த்துப் பழகியதால் மட்டும் ஒரு படம் பண்டிகைப் படமாகிவிடாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1990-இல் வந்த 'டை ஹார்ட் 2' படமும் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில்தான் நடக்கிறது. வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையம், கொட்டும் பனி, வானத்தில் வட்டமிடும் விமானத்தில் ஹாலி. முதல் படம் நடப்பது பனியே பெய்யாத லாஸ் ஏஞ்சலிஸில். இரண்டாவதில் திரை முழுக்கப் பனி. ஆனாலும் டிசம்பரில் ஒரு குடும்பம் டை ஹார்ட் பார்க்க உட்காருகிறது என்றால் அது முதல் படம்தான். ஸ்டான்லி குப்ரிக்கின் 'ஐஸ் வைட் ஷட்' படத்தில் காட்சிக்குக் காட்சி கிறிஸ்துமஸ் விளக்குகள் எரிகின்றன. அதற்காக யாரும் கொடி பிடிக்கவில்லை.

பண்டிகையை உருவிவிட்டால்

ஆகவே நான் வைக்கும் சோதனை இது. கதையிலிருந்து பண்டிகையை உருவிவிடுங்கள். கதை நிற்கிறதா பாருங்கள்.

டை ஹார்டில் அந்த நாளைச் சாதாரண ஒரு புதன்கிழமையாக மாற்றினால் மெக்லேன் விமானமே ஏறமாட்டான். ஆறு மாதமாக மனைவி பின்னால் போகாமல் நியூயார்க்கில் உட்கார்ந்திருந்தவன் அவன். அவள் வேலை நிலைக்காது, தானே திரும்பி வருவாள் என்று எதிர்பார்த்தவன். அவனைக் கிளப்பிவிட வீம்பைவிட வலுவான ஒரு காரணம் வேண்டும். பண்டிகைக்குப் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்பது அப்படிப்பட்ட காரணம். கையில் பெரிய கரடிப் பொம்மையோடு விமானத்தைவிட்டு இறங்குகிறானே, அந்த ஒரு காட்சியிலேயே பாதிக் கதை சொல்லப்பட்டுவிடுகிறது.

அடுத்தது கட்டடம். கொள்ளைக்காரர்கள் அந்த இரவைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமே, அவ்வளவு பெரிய கோபுரத்தில் ஒரே ஒரு மாடியில் மட்டும் ஆட்கள் இருப்பார்கள் என்பதுதான். மற்ற மாடிகள் காலி. காவலுக்கு ஓரிருவர். பார்ட்டியில் எல்லோரும் குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனித் தலைவர் டகாகியே அங்கே இருக்கிறார். வேறொரு நாளென்றால் பகலில் ஆயிரம் பேர், இரவில் யாருமே இல்லை. பிணைக்கைதிகளும் வேண்டும், காலி மாடிகளும் வேண்டும் என்றால் அலுவலகப் பார்ட்டி நடக்கும் பண்டிகை இரவை விட்டால் வேறு வழியில்லை.

மெக்லேன் ஏன் வெறுங்காலோடு இருக்கிறான்? விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர், பயணக் களைப்புப் போக ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் கால் விரல்களை மடக்கி விரித்து நடக்கச் சொல்கிறார். மனைவியின் அலுவலகக் குளியலறையில் அதைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் துப்பாக்கிச் சத்தம். வீடு வந்து சேர்ந்துவிட்டோம் என்று ஒருவன் உடம்பைத் தளர்த்திய நொடி அது. கண்ணாடிச் சில்லுகள் மீது ஓடி ரத்தம் சொட்டும் அந்தக் கால்களோடுதான் மீதி இரவு முழுவதையும் அவன் கடக்கிறான்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ஹாலியின் மேசை மேல் இருக்கும் குடும்பப் புகைப்படம். கணவன்மேல் இருந்த எரிச்சலில் அதை அவள் கவிழ்த்துப் போட்டுவிடுகிறாள். பிறகு அதே அறையில் ஹான்ஸ் க்ரூபர் வந்து உட்காருகிறான். படம் நிமிர்ந்து இருந்திருந்தால், மாடிகளில் திரிந்து தன் ஆட்களைக் கொல்கிறவனின் மனைவி எதிரேயே நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அதுபோலவே பெயரும். ஹாலி தன் பிறந்த வீட்டுப் பெயரான ஜென்னரோவை அலுவலகத்தில் பயன்படுத்துகிறாள். வரவேற்பறைக் கணினியில் மெக்லேன் என்று தேடி, அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று கண்டதும் அவன் முகம் சுருங்குகிறது. அன்றைய சண்டையே அதிலிருந்துதான் மூள்கிறது. கடைசியில் அந்தப் பெயர்தான் அவளைப் பல மணி நேரம் காப்பாற்றுகிறது. தாம்பத்தியத்தில் விழுந்த ஒவ்வொரு விரிசலையும் திரைக்கதை எடுத்து, உயிர் தப்பும் வழியாக மாற்றி வைத்திருக்கிறது. அதிரடிப் படங்களில் இத்தனை நுட்பமான வேலையை அடிக்கடி பார்க்க முடியாது.

பிறகு அந்தக் குளியலறைக் காட்சி. காலிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கியபடி, கீழே தெருவில் நிற்கும் அல் பவல் என்ற போலீஸ்காரரிடம் வாக்கி டாக்கியில் மெக்லேன் பேசுகிறான். இருவரும் அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. தான் பிழைக்கப்போவதில்லை என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. மனைவியிடம் ஒரு செய்தி சொல்லச் சொல்கிறான்: அவளை நேசிப்பதாக ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், மன்னிப்பு மட்டும் கேட்டதே இல்லை, அதைச் சொல்லிவிடுங்கள். ஸ்டூவர்ட் அன்று நெடுஞ்சாலை ஓரத்தில் கண்டுபிடித்த கதை இதுதான். தன்னையே சுற்றி வாழ்ந்த ஒருவன் ஒரே இரவில் அச்சங்களின் வழியே இழுத்துச் செல்லப்பட்டு, விடியும்போது வேறு மனிதனாகிறான். 1843-இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' எழுதிய நாளிலிருந்து ஆங்கிலக் கிறிஸ்துமஸ் கதையின் சட்டகம் இதுவாகத்தான் இருந்துவருகிறது. டிக்கன்ஸின் ஸ்க்ரூஜுக்கு ஆவிகள் வந்தன. மெக்லேனுக்கு இயந்திரத் துப்பாக்கிகள்.

நாவலில் விழுந்தவள்

மூல நாவலோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். ராடரிக் தார்ப் எழுதிய 'நத்திங் லாஸ்ட்ஸ் ஃபாரெவர்' 1979-இல் வந்தது. அதன் முந்தைய பாகமான 'தி டிடெக்டிவ்' 1968-இல் ஃபிராங்க் சினாட்ரா நடித்துப் படமாகியிருந்தது. அதனால் டை ஹார்டின் நாயக வேடத்தை ஒப்பந்தப்படி முதலில் அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. எழுபது வயதைத் தாண்டியிருந்த சினாட்ரா மறுத்துவிட்டார்.

நாவலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில்தான் நடக்கிறது. நாயகன் ஜோ லேலண்ட், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வயதான துப்பறிவாளர். அவர் பார்க்க வருவது மகளை. கும்பலின் தலைவன் கட்டடத்திலிருந்து விழும்போது மகளையும் இழுத்துக்கொண்டு விழுகிறான். அவள் செத்துப்போகிறாள். நாட்காட்டியில் கிறிஸ்துமஸ் இருக்கிறது, கதையின் உள்ளே இல்லை.

படத்தில் மகள் மனைவியாகிறாள். ஹான்ஸ் விழும்போது ஹாலியின் கையைப் பிடித்துக்கொள்கிறான். அவன் பிடியில் இருப்பது நல்ல வேலைக்காகக் கம்பெனி அவளுக்குப் பரிசளித்த ரோலக்ஸ் கைக்கடிகாரம். மெக்லேன் அதன் கொக்கியைக் கழற்றிவிடுகிறான். ஹான்ஸ் மட்டும் விழுகிறான். பிளந்த கட்டடத்திலிருந்து காகிதங்கள் காற்றில் சுழன்று இறங்க, கணவனும் மனைவியும் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிடைத்த பனி அந்தக் காகிதம். ஒளிப்பதிவாளர் யான் டி பான்ட் அதை எடுத்திருக்கும் விதத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒரு துயரக் கதையை வீடு திரும்பும் கதையாகத் திருப்பியதில்தான் டை ஹார்ட் கிறிஸ்துமஸ் படமாகிறது என்பேன்.

இந்தத் திருப்பத்தில் இயக்குநர் ஜான் மெக்டீர்னனுக்கும் பெரிய பங்குண்டு. அவர் கைக்கு வந்த திரைக்கதை பயங்கரவாதிகளைப் பற்றியது. அதில் மகிழ்ச்சி இல்லை என்று முதலில் தயங்கினார். பயங்கரவாதி வேஷம் போட்ட கொள்ளைக்காரர்களாக அவர்களை மாற்றிய பிறகுதான் படம் அவருக்கு இனித்தது. கொள்ளையடிப்பவனின் சாமர்த்தியத்தைப் பார்வையாளர்கள் மனம்விட்டு ரசிக்கலாம். சில நாட்களில் நடப்பதாக இருந்த கதையை ஒரே இரவுக்குள் சுருக்கியவரும் அவர்தான். அதற்கு அவர் முன்மாதிரியாகச் சொன்னது ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்'. ஒரு பண்டிகை இரவில் எல்லாம் தலைகீழாகி, மேலே இருப்பவர்கள் கோமாளிகளாகவும் எளியவர்கள் மேலானவர்களாகவும் மாறி, பொழுது விடியும்போது பிரிந்தவர்கள் சேரும் நாடகம் அது.

அந்தத் தலைகீழாக்கம் படம் முழுக்க இருக்கிறது. போலீஸ் துணைத்தலைவர், எஃப்.பி.ஐ. அதிகாரிகள், தொலைக்காட்சி நிருபர், பேரம் பேசத் தெரியும் என்று வாய்ச்சவடால் அடிக்கும் அலுவலக மேலாளர் எல்லோரும் நிலைமையைக் கெடுக்கிறார்கள். பெட்டகத்தின் ஏழாவது பூட்டைக் கொள்ளைக்காரர்களால் திறக்க முடியாது. மின்சாரத்தைத் துண்டித்தால்தான் திறக்கும். எஃப்.பி.ஐ. தன் சட்டப் புத்தகப்படி மின்சாரத்தைத் துண்டித்து 64 கோடி டாலர் பத்திரங்களைத் திறந்து கொடுத்துவிடுகிறது. பின்னணியில் பேதோவனின் ஒன்பதாவது சிம்ஃபனி முழங்குகிறது. இசையமைப்பாளர் மைக்கேல் கேமன் அந்தப் பேரிசையையும் பனிச்சறுக்கு வண்டியின் மணியொலியையும் ஒரே படத்துக்குள் கோத்திருக்கிறார். மறுபக்கம் காரியத்துக்கு உதவுகிறவர்கள் யார்? கடையில் தின்பண்டம் வாங்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பவல் ஒருவர். முதல் நாள் வேலைக்கு வந்த லிமோசின் ஓட்டுநர் ஆர்கைல் ஒருவன். ஆர்கைல் போடுவது ரன் டி.எம்.சி. குழுவின் 'கிறிஸ்துமஸ் இன் ஹாலிஸ்'. கிறிஸ்துமஸ் பாட்டு எதுவும் இல்லையா என்று மெக்லேன் கேட்க, இதுவே கிறிஸ்துமஸ் பாட்டுதான் என்கிறான் ஆர்கைல். ஹாலிஸ் இருப்பது நியூயார்க்கில். தன் ஊர்க் கிறிஸ்துமஸையே நியூயார்க் போலீஸ்காரனுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தச் சின்ன இடத்தை நான் மிகவும் ரசிக்கிறேன்.

இந்தத் துணைப் பாத்திரங்கள் இவ்வளவு வளர்ந்ததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. வில்லிஸ் அப்போது 'மூன்லைட்டிங்' தொலைக்காட்சித் தொடரில் நடித்துக்கொண்டிருந்தார். பகலில் அங்கே, இரவில் இங்கே. அவருக்கு ஓய்வு கொடுக்க மற்றவர்களின் காட்சிகளை டி சூசா விரித்து எழுத வேண்டியிருந்தது. ஒற்றை ஆள் சாகசமாகப் போயிருக்கக்கூடிய படத்துக்குள் மனிதர்கள் நிறைந்தது அப்படித்தான்.

2020-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்துக்காகப் பேசியபோது மெக்டீர்னன், காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' தன் மனதில் இருந்ததாகச் சொன்னார். அதில் பாட்டர் என்ற பணக்காரனின் கைக்கு ஊர் முழுவதும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்டும் பகுதியைக் குறிப்பிட்டார். கிறிஸ்துமஸ் படம் எடுக்கும் எண்ணம் தங்களுக்கு இருக்கவில்லை, படத்தில் ஊறிவந்த மகிழ்ச்சிதான் அதை அப்படி ஆக்கியது என்பது அவர் சொன்னதன் சாரம். வில்லிஸின் மறுப்பைவிட இது எனக்கு நேர்மையான பதிலாகப் படுகிறது. எடுத்தவரின் எண்ணத்தைப் படம் தாண்டிப் போவதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

ரத்தம்

இனி, நியாயமான எதிர்வாதத்துக்கு வருகிறேன். சமாதானத்தின் பண்டிகை இது. பூமியில் அமைதி என்று வாழ்த்தும் நாளில் இத்தனை பிணங்களா? டை ஹார்டைக் கிறிஸ்துமஸ் மரத்தடியில் வைக்க மறுப்பவர்களில் பலர் இந்தக் காரணத்துக்காகவே மறுக்கிறார்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் கிறிஸ்துமஸின் மூலக்கதையை முழுதாக வாசித்தவர்களுக்கு அது ரத்தம் படாத கதை என்று தோன்றாது. மத்தேயு நற்செய்தியில் குழந்தை பிறந்த பிறகு ஏரோதின் படைவீரர்கள் வருகிறார்கள். பெத்லகேமில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் கொல்லப்படுகின்றன. அதற்கு முன்பே யோசேப்பு இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடிவிடுகிறார். நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களில் டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகளின் நினைவுநாள். குடிலின் விளக்குகள் அப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆயுதம் ஏந்தியவர்களிடமிருந்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுவது அந்தப் பண்டிகைக்கு அந்நியமான விஷயம் அல்ல.

சினிமாவிலும் அப்படியே. ஜான் ஃபோர்டின் 'த்ரீ காட்ஃபாதர்ஸ்' 1948-இல் வந்த கௌபாய் படம். வங்கியைக் கொள்ளையடித்த மூன்று பேர் பாலைவனத்தில் அநாதைக் குழந்தை ஒன்றைச் சுமந்து நடக்கிறார்கள். மூன்று ஞானிகளின் கதைதான் அது. 1990-இல் வந்த 'ஹோம் அலோன்' படத்தைக் கிறிஸ்துமஸ் படம் இல்லை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். வீட்டில் தனியாக மாட்டிக்கொண்ட சிறுவன், கொள்ளையடிக்க வந்த இருவரை இரும்பும் நெருப்பும் கொண்டு வதைக்கிறான். கட்டடத்துக்குள் தனியாக ஒருவன், வெளியிலிருந்து வரும் கொள்ளையர்கள், கையில் கிடைத்ததையே ஆயுதமாக்குதல், கடைசியில் குடும்பத்தோடு சேர்தல். டை ஹார்டின் கதையும் அதுதானே.

என்னைத் தொந்தரவு செய்வது பிணங்களின் எண்ணிக்கை அல்ல, பவலின் கதை. பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 13 வயதுச் சிறுவனைத் தவறுதலாகச் சுட்டுக் கொன்றவர் அவர். அதன்பிறகு யார் மீதும் துப்பாக்கியை எடுக்க முடியாமல் போனவர். படத்தின் முடிவில், செத்துவிட்டதாக நினைத்த கொள்ளைக்காரன் ஒருவன் எழுந்து வர, பவல் சுட்டுக் கொல்கிறார். இசை உயர்கிறது. அவர் குணமாகிவிட்டாராம். 2014-இல் கிளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயது டமீர் ரைஸைப் போலீஸ் சுட்டுக் கொன்றதை அறிந்த பிறகு இந்தக் காட்சியை அதே மனதோடு பார்க்க முடியவில்லை. போலீஸ்காரரின் துக்கத்துக்கு இத்தனை இடம் கொடுத்த படம், செத்துப்போன பிள்ளைக்கு ஒரு பெயர்கூடக் கொடுக்கவில்லை. மன்னிப்பைப் பற்றிய படம் இந்த இடத்தில் மன்னிப்பு என்றால் என்ன என்பதையே மறந்துவிடுகிறது. துப்பாக்கி எடுக்க முடியாதவராகவே பவல் அந்த இரவைக் கடந்திருந்தால் டை ஹார்ட் இன்னும் பெரிய கிறிஸ்துமஸ் படமாகியிருக்கும்.

தமிழில் இந்த மரபின் நெருங்கிய உறவு லோகேஷ் கனகராஜின் 'கைதி'. டை ஹார்டின் தாக்கத்தை அவரே சொல்லியிருக்கிறார். சிறையிலிருந்து வெளியே வந்த தில்லி, இதுவரை முகம் பார்த்திராத மகளைக் காணப் புறப்படுகிறான், ஒரே இரவு, குறுக்கே ஒரு போர். 2019 தீபாவளிக்கு வெளியானது. ஆனால் தில்லியின் அந்த இரவில் தீபாவளி இல்லை. தமிழ் அதிரடிப் படம் பண்டிகையைத் தியேட்டர் வாசலோடு விட்டுவிட்டு உள்ளே போகிறது. ஒரு பண்டிகைக்கு ஊர் திரும்ப முடியாமல் தவிப்பவனின் கதைக்குத் தீபாவளியும் பொங்கலும் ரம்ஜானும் கிறிஸ்துமஸும் எவ்வளவு இடம் வைத்திருக்கின்றன! கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் பேருந்துக்கு முண்டியடிக்கும் கூட்டத்தைப் பார்த்த யாருக்கும் அந்தக் கதையின் விசை புரியும். அதை நம்மவர்கள் அதிரடிப் படமாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

ஹாலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைசியில் பவலிடம் அவளை ஹாலி ஜென்னரோ என்று மெக்லேன் அறிமுகப்படுத்த, அவள் ஹாலி மெக்லேன் என்று திருத்துகிறாள். அவன் அவளுடைய பெயரை ஏற்கத் தயாராகிறான். அவள் அவனுடைய பெயருக்குத் திரும்புகிறாள். இருவரும் இறங்கி வருகிறார்கள் என்று படம் சொல்ல நினைக்கிறது. ஆனால் கடிகாரத்தையும் பெயரையும் இழந்தவள் அவள் ஒருத்திதான். பண்டிகை நாளின் சமாதானத்தில் பெண்ணே அதிகம் விட்டுக்கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

அந்தச் சமாதானம் நீடிக்கவும் இல்லை. 1995-இல் வந்த மூன்றாவது படத்தை இயக்கியவரும் மெக்டீர்னன்தான். அதில் மெக்லேன் மீண்டும் நியூயார்க்கில் தனியாக இருக்கிறான், குடி அதிகமாகியிருக்கிறது, ஹாலியோடு பேச்சுவார்த்தை இல்லை. ஒருவழியாகப் பொதுத் தொலைபேசியில் அவளை அழைத்துவிட்டு, வில்லனைப் பற்றி ஒரு துப்புக் கிடைத்ததும் அவளைக் காத்திருக்க விட்டுவிட்டு ஓடுகிறான். அந்தக் கதை நடப்பது கொளுத்தும் கோடையில். அதற்காக டிசம்பரில் யாரும் வாதாட வருவதில்லை.